220 மைலுக்கு ஒரு நாட் பயணமா?

பலாலியிலிருந்து சென்னைக்கு ஆகாய வழி ஏறத்தாழ 220 மைல். அதாவது 355 கிலோமீற்றர். சிறிய விமானமொன்று ஒன்றேகால் மணி நேரத்திற் கடந்துவிடும் தூரம். திருச்சியோ இன்னும் அண்மையது, 185 கிலோமீற்றர்தான். கொழும்பு தரைவழியாக 400 கிலோமீற்றர்! இது பூகோளம் கூறும் உண்மை. அரசாங்கங்கள் எத்தனை மாறினும் இதனை மாற்ற முடியாது. ஆனால் மறைக்க முடியும், மறைத்தும் வந்துள்ளன.

யாழ்ப்பாணத்து நோயாளி சென்னை செல்ல வேண்டுமாயின் என்ன செய்கிறார்? பலாலி விமானத்தில் இடமில்லையெனில், இரவு முழுவதும் பேருந்தில் தெற்கே பயணஞ் செய்து கட்டுநாயக்கவை அடைகிறார். அங்கே மணிக்கணக்கிற் காத்திருந்து, மீண்டும் வடக்கே 640 கிலோமீற்றர் பறக்கிறார். 355 கிலோமீற்றர் வழிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது இதுதான்.

நாம் கேட்பது புதிய சலுகையா? அன்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. இந்நாடு சுதந்திரம் பெறுமுன்னரே திறந்திருந்த வழி இது. பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தபின் 2019 ஒக்டோபரில் மீண்டும் திறந்தார்கள். 2020இல் கொள்ளைநோய் வந்தது, மூடினார்கள். கட்டுநாயக்க 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலியில் விமானம் இறங்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. நோய் இரு நிலையங்களுக்கும் பொதுவாயிருந்தது. திறப்பு மட்டும் பொதுவாகவில்லை.

"பயணிகள் போதாது" என்பர் சிலர். 2019இற் பயன்பாட்டுக்கு வந்த ஓடுபாதை 1,400 மீற்றரளவே. எழுபது எண்பது பேர் ஏறும் விமானமே அதில் இறங்கும். வாயிலைக் குறுக்கிவிட்டு, வருவோர் குறைவென்று குறைகூறுவது எந்த நியாயம்? 2013இல் மத்தளையில் 3,500 மீற்றர் ஓடுபாதை அமைத்தார்களே, பயணிகளை எண்ணிப் பார்த்த பின்னரா அமைத்தார்கள்? அங்கே ஓடுபாதை உண்டு, பயணிகள் இல்லை. இங்கே பயணிகள் உண்டு, ஓடுபாதை இல்லை! 2024இற் சென்னையிலிருந்தும் 2025இல் திருச்சியிலிருந்தும் மற்றொரு நிறுவனம் சேவை தொடங்கியதே நம் பக்கச் சாட்சி.

எனினும், ஓடுபாதை நீள வேண்டுமென்று கேட்கும் நாம், உழவனின் நிலம் குறுக வேண்டுமென்று கேட்கவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டதையும், ஈராயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றதையும் நாம் மறக்கவில்லை. விமான நிலையத்துக்கு வேண்டியது எவ்வளவு, படைமுகாம் வைத்திருப்பது எவ்வளவு என்று அளந்து, வரைபடத்தைப் பகிரங்கப்படுத்துக. மேலதிகமானதை உறுதி வைத்திருப்பவனிடம் ஒப்படைக்குக. உண்மையில் வேண்டிய நிலத்துக்கு 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி விசாரணை நடத்தி, நட்டஈட்டை உரிய காலத்திற் கொடுக்குக. அபிவிருத்தியின் பெயரால் அபகரிப்பை ஏற்கமாட்டோம். அபகரிப்பைக் காட்டி அபிவிருத்தியை மறுப்பதையும் ஏற்கமாட்டோம்.

டாக்டரும், ஆசிரியரும், செம்மண் தோட்டக்காரரும் இக்கோரிக்கையில் ஒன்றுபட வேண்டும். நம் பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஓடுபாதையை எப்போது நீட்டுவீர், காணியை எப்போது மீட்பீர்? நாள் குறித்து விடை சொல்லாதவருக்கு நம் வாக்கு இல்லை.