அடித்தள போல்ட்டின் விலகல் யாருடைய கணக்கு?

எஃகுக் கட்டட வடிவமைப்பில் தூணுக்கும் உத்திரத்துக்கும் பல வாரங்கள் ஒதுக்கும் பாடத்திட்டம், அடித்தள போல்ட்டை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. களத்தில் தகராறு தொடங்குவதோ பெரும்பாலும் அங்கேதான்.

தாணேயின் வாக்ளே எஸ்டேட் போன்ற தொழிற்பேட்டைகளில் எழும் எஃகுக் கொட்டகைகள் எடை குறைந்தவை. புயற்காற்றில் கூரை மேலெழ முயலும்போது அவற்றைத் தரையோடு பிடித்துவைப்பவை இந்த போல்ட்டுகளே. மும்பைக்கு ஐ.எஸ். 875 விதிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 44 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 158 கி.மீ.

கான்கிரீட் இடுபவர் ஒருவர், தூண் நிறுத்துபவர் வேறொருவர். வைப்ரேட்டரின் அதிர்வில் டெம்ப்ளேட் சற்றே நகர்ந்தாலும் போல்ட் இடம் மாறிவிடும். அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் நடைமுறை நெறி, ஒரே தொகுதியின் இரு போல்ட்டுகளுக்கிடையே 3 மி.மீ., அடுத்தடுத்த தொகுதிகளுக்கிடையே 6 மி.மீ. விலகலையே நெடுங்காலம் அனுமதித்தது. அதே கழகத்தின் கையேடு 19 மி.மீ. போல்ட்டுக்கு பேஸ் பிளேட்டில் 33 மி.மீ. துளையைப் பரிந்துரைக்கிறது. கான்கிரீட்டின் இயல்பை அறிந்தவர்களின் ஏற்பாடு அது. இந்தியாவிலும் எஃகு நிறுவலின் விலகல் வரம்புகளுக்கென்றே ஐ.எஸ். 12843 என்னும் நியமம் 1989 முதல் இருக்கிறது. ஆகவே நியமம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

துளையில் போல்ட் பொருந்தாதபோது நடப்பது என்ன? போல்ட்டைச் சூடாக்கி வளைப்பார்கள். அல்லது கேஸ் கட்டரால் துளையை அகலப்படுத்துவார்கள். வெப்பப் பதப்படுத்திய உயர்வலிமை போல்ட் சூட்டில் தன் வலிமையை இழக்கும். அகன்ற துளையின் மேல் தடித்த வாஷர் தகடு இல்லையேல், மேலிழுக்கும் விசை வரும்போது நட்டுக்குப் போதிய பிடிமானம் இராது. பக்கவாட்டு விசையையும் நான்கு போல்ட்டுகள் சமமாகப் பகிராமல், துளையின் விளிம்பைத் தொட்டுநிற்கும் ஒன்றோ இரண்டோ முதலில் ஏற்கும். பிறகு கிரௌட் ஊற்றப்படுகிறது. அதன்பின் எந்த ஆய்வாளர் கண்ணுக்கும் எதுவும் தெரியாது.

தாணேக்குச் செல்லும் அதே கிழக்கு விரைவுச் சாலையோரம், காட்கோபரில், 2024 மே 13 அன்று விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் மாண்டனர். அங்கே குறை போல்ட்டின் இடவிலகல் அன்று, போதாத அடித்தளம். ஆயினும் மண்ணுக்குள் மறைந்ததை எவரும் பார்ப்பதில்லை என்ற நிலை இரண்டுக்கும் பொது.

விலகல் வரம்பைக் கான்கிரீட் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். கான்கிரீட் இடுவதற்கு முன்னும் பின்னும் டோட்டல் ஸ்டேஷனால் அளந்த பதிவு, தூண்கள் களத்துக்கு வருமுன் வடிவமைப்பாளர் கைக்குச் சேரவேண்டும். திருத்தத்தை அவரே முடிவுசெய்யவேண்டும், வெல்டர் அல்லர். கல்லூரித் தேர்விலும் போல்ட்டுகள் எப்போதும் வரைபடம் காட்டும் இடத்திலேயே நிற்கின்றன. நான்கில் இரண்டு 12 மி.மீ. விலகிய ஒரு வரைபடத்தை மாணவரிடம் தந்து, இத்தூணை நிறுத்தலாமா என்று கேட்கலாம்.