இருண்ட வானம் இல்லாவிட்டால் என்ன?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை இரவெல்லாம் விளக்கொளி. இங்கே வால் நட்சத்திரத்தைக் காண்பது அரிது. அதனால், விண்வெளி ஆய்வு நமக்கு எட்டாதது என்று எண்ணுவது தவறாகும்.

வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் பனிக்கட்டி ஆவியாகி வாயு வெளிப்படுகிறது. சூரிய ஒளி அவ்வாயுவின் ஒரு பகுதியை மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மாவாக மாற்றுகிறது. சூரியனிலிருந்து வீசும் துகள்களாகிய சூரியக் காற்று, அதை வாலாக நீளச் செய்கிறது. 2014இல் 67பி வால் நட்சத்திரத்தை அடைந்த ரோசெட்டா விண்கலம், தான் சென்ற இடங்களில் மட்டுமே இவற்றை அளந்தது. மற்ற இடங்களின் நிலையைக் கணினி மாதிரிகளே கணித்துக் காட்டுகின்றன.

இத்தகைய மாதிரியை உருவாக்க இருண்ட வானம் தேவையில்லை. கணிதமும் இயற்பியலும் நிரலாக்கமும்தான் தேவை. ரோசெட்டாவின் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனவே, தேசியக் கோளரங்கத்திற்குச் சென்று வியப்பதோடு நாம் நின்றுவிடக்கூடாது. பள்ளி அறிவியல் கழகங்கள் நிரலாக்கப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.