எரிந்தால் எரியட்டும்!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து ஒரு ரோடு பிரிகிறது. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் ரோடு அது. காலையிலும் மாலையிலும் அங்கே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடும். பஸ் நிறைய வாலிபர்கள், பெண்கள்.

அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கார்கள் தயார் ஆகின்றன. ஒவ்வொரு காருக்குள்ளும் பல குட்டி மூளைகள் இருக்கின்றன. கண்ணாடியை ஏற்றி இறக்குவது ஒன்று. மழை பெய்தால் துடைப்பானை ஆட்டுவது ஒன்று. கார் மோதினால், கண் மூடித் திறப்பதற்குள் காற்றுப் பையை விரிப்பது ஒன்று. இவற்றுக்கு "மைக்ரோ கண்ட்ரோலர்" என்று பெயர்.

அந்த மூளையைக் காரில் பொருத்தத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அதற்குப் புத்தி சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது அதைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

கற்றுக்கொள்ளலாம். அதற்கு என்றே ஒரு போர்டு இருக்கிறது. பெயர், "ஆர்டுயினோ ஊனோ".

ராஜா பெயர்

இத்தாலி நாட்டில் இவ்ரியா என்று ஒரு ஊர். அங்கே ஒரு டிசைன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் மாசிமோ பான்சி. அவரும் நண்பர்களும் சேர்ந்து 2005-ம் ஆண்டில் ஆர்டுயினோவை உண்டாக்கினார்கள். மின்சாரப் பாடம் படிக்காத மாணவனும் இதைப் பயன்படுத்த வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1002-ம் ஆண்டில் இத்தாலிக்கு ராஜா ஆனவர் ஆர்டுயின். அவர் பெயரில் இவ்ரியாவில் ஒரு மதுக்கடை இருந்தது. நண்பர்கள் கூடிப் பேசும் கடை. கடையின் பெயர் போர்டுக்கும் வந்து விட்டது! "ஊனோ" மாடல் 2010-ல் வந்தது. இத்தாலி மொழியில் ஊனோ என்றால் "ஒன்று".

போர்டின் வரைபடத்தை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம், விற்கலாம் என்று விட்டு விட்டார்கள். அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில், அதே மாதிரி போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உள்ளங்கையில் அடங்கும் போர்டு. நடுவில் கறுப்பாக, இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்கு கால்களோடு, மரவட்டை போல ஒரு சிப் படுத்து இருக்கும். அதுதான் மூளை. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கும். செல்போன் வைத்து இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் செல்போனுக்குள் ஒரு கம்பியைச் சொருகி, "இதைக் கவனி" என்று சொல்ல முடியுமா?

இதில் முடியும். ஓரத்தில் துளைகள் இருக்கின்றன. 14 துளைகள், "உண்டா, இல்லையா" என்று கேட்கும். அல்லது உத்தரவு போடும். வேறு 6 துளைகள், "எவ்வளவு?" என்று கேட்கும். அவை 5 வோல்ட்டு மின்சாரத்தை 1,024 படிகளாகப் பிரித்து அளக்கும். வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அறிய இது போதும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. அம்மா கீழே இருந்து கத்துகிறாள். ஒரு மிதவை சுவிட்ச், ஒரு சிறிய மணி, இந்தப் போர்டு - மூன்றும் இருந்தால் எட்டாம் வகுப்புச் சிறுமி அந்தத் தொல்லையைத் தீர்த்து விடுவாள். ஆனால், மோட்டாரைத் தானாக நிறுத்துகிறேன் என்று 230 வோல்ட்டு வீட்டு மின்சாரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது எலெக்ட்ரீஷியன் வேலை.

பூட்டிய பீரோ

மத்திய அரசு 2016-ல் "அடல் டிங்கரிங் லேப்" என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. பத்தாயிரம் பள்ளிகளில் இந்தக் கூடங்கள் வந்து விட்டன. ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50 ஆயிரம் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால், வாங்கிய சாமான் பீரோவுக்குள் போய் விட்டால் பயன் என்ன?

ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு போர்டு பழுது ஆனால், ஸ்டாக் ரிஜிஸ்தரில் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். பயந்து பூட்டி வைக்கிறவர் மீது கோபப்பட்டு என்ன செய்வது?

பிள்ளைகள் போர்டை எரிக்கத்தான் செய்வார்கள். ஒரு துளையில் இருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுப்பது நல்லது அல்ல. சிறுவனுக்கு அது தெரியாது. நேராக ஒரு மோட்டாரைச் சொருகுவான். சிப் போய் விடும்.

போகட்டுமே! ஊனோவில் சிப்பை ஈயம் வைத்து ஒட்டவில்லை. சாக்கெட்டில் செருகி வைத்து இருக்கிறார்கள். நெம்பி எடுத்து விட்டு, புதியதைச் செருகலாம். போர்டையே தூக்கி எறிய வேண்டியது இல்லை. கம்ப்யூட்டரில் இருந்து 500 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுத்தால் தடுப்பதற்கு ஒரு பியூசும் இருக்கிறது. சூடு ஆறியதும் அது தானே சரி ஆகி விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவு போர்டுகள் பலவற்றில் சிப் தட்டையாக ஒட்டப்பட்டு இருக்கும். கழற்ற முடியாது. பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிறவர்கள் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும், சாக்கெட்டு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மாற்று சிப் வாங்கும்போது, "பூட்லோடர்" ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

சுதேசி போர்டும் இருக்கிறது. திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் "தேஜஸ் 32" என்ற சிப்பை வைத்து "ஏரீஸ்" போர்டைச் செய்து இருக்கிறது. ஊனோவை விடப் பல மடங்கு வேகம். கை பழகிய மாணவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மட்டும், மூளையைக் கழற்றி மாற்றக் கூடிய போர்டே நல்லது.

பிரிட்டனில் 2016-ல், 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு "மைக்ரோ பிட்" என்ற போர்டை இலவசமாகக் கொடுத்தார்கள். சுமார் 10 லட்சம் போர்டுகள். பள்ளிக்கூடச் சொத்தாக அல்ல; பிள்ளையின் சொந்தப் பொருளாக! வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கெடுத்தாலும் கேள்வி இல்லை.

அந்த அளவுக்கு இங்கே உடனே முடியாமல் போகலாம். ஸ்டாக் ரிஜிஸ்தரில் "பிள்ளைகள் பழகி எரித்தவை" என்று ஒரு கட்டம் போடலாம். ஆண்டு முடிவில் சோதனைக்கு வருகிற அதிகாரி, முதலில் அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அது காலியாக இருந்தால்தான் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.