கல்வெட்டில் முகம் இல்லை

'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களும் வந்து போய்விட்டன. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30இல், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இல். படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது இங்கே என் விஷயம் அல்ல. அதைச் சொல்ல வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. என் விஷயம், படம் வருவதற்கு முன்னால் அறுபத்து நான்கு வருஷம் நடந்த ஒரு பேச்சு. வந்தியத்தேவனாக யார், குந்தவையாக யார், நந்தினியாக யார் என்ற பேச்சு. இதை நாவலின் மீதுள்ள பிரியம் என்கிறார்கள். நாவலை வாசிக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த வழிகளில் மிகவும் கௌரவமானது இது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954இல் முடிந்த தொடர்கதை இது. முடிந்த அதே வருஷம் டிசம்பரில் கல்கி காலமானார். 1958இல் எம்.ஜி.ஆர். பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கிப் படத்தை அறிவித்தார். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், நம்பியார் என்று ஒரு பட்டியல் வெளிவந்தது. படப்பிடிப்புக்கு முன் அவருக்கு விபத்து, காயம் ஆற ஆறு மாதம், படம் நின்றது. நான்கு வருஷம் கழித்து உரிமையைப் புதுப்பித்தும் நடக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் யோசித்து, கைவிட்டார்கள். 2010ஐ ஒட்டி மறுபடி மணிரத்னம். விஜய், மகேஷ் பாபு பெயர்கள் அடிபட்டன. செலவு கட்டுபடியாகாமல் 2012இல் அதுவும் போயிற்று. 2019 டிசம்பரில் ஒருவழியாகத் தாய்லாந்தில் படப்பிடிப்பு தொடங்கியது; நான்கு மாதத்துக்குள் கொரோனா வந்து நிறுத்திவைத்தது.

ஒவ்வொரு நிறுத்தமும் ரசிகனுக்குத் துக்கம். கூடவே ஓர் ஆறுதலும் இருந்தது. துக்கத்தை எல்லோரும் சொன்னார்கள், ஆறுதலை யாரும் சொல்லவில்லை. படம் வராத வரையில் அவனுடைய நடிகர் பட்டியலை யாரும் தோற்கடிக்க முடியாது. எடுக்கப்படாத படம்தான் அவனுக்கு மிகவும் பிடித்த படம். அதில் அவனே இயக்குநர். ஒரு காசு செலவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை நடிகர்களை மாற்றிக்கொள்ளலாம்.

காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரிடம் அந்தத் தொடர் முழுவதும் இருக்கிறது. இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. அவர் தகப்பனார் சேர்த்த சொத்து. இரவல் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன், படிக்கலாம் என்று சொல்லவில்லை. அவரும் பக்கங்களை மணியத்தின் சித்திரத்திலிருந்து சித்திரத்துக்குத்தான் புரட்டுவார். குந்தவைக்குப் பத்மினி என்று அவருடைய தகப்பனார் முடிவு செய்திருந்தாராம். த்ரிஷா என்று அறிவிப்பு வந்தபோது அவர் என்னிடம் சொன்னது: "கொண்டை சரியா வந்துடும் சார். கழுத்துதான் போதாது." யாருடைய கழுத்துக்குப் போதாது? கல்கி எழுதிய குந்தவையின் கழுத்துக்கா, மணியம் வரைந்த குந்தவையின் கழுத்துக்கா? இந்தக் கேள்வியை நான் கேட்டபோது அவருக்கு அது புரியவே இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்றார்.

இந்தப் பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கால் வடிவில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். வெட்டித் தைத்த மேல்தோலை அந்தக் கட்டையின் மேல் இழுத்து ஒட்டி உருவம் கொண்டுவருவார்கள். எந்த ஊர் மாட்டின் தோலாக இருந்தாலும் கட்டையின் வடிவம்தான் கடைசியில் ஷூவுக்கு வரும். மணியத்தின் கோடுகள் இப்படி ஒரு கட்டை. பத்மினியானாலும் த்ரிஷாவானாலும் அதன் மேல் இழுத்துப் பார்க்கிறார்கள். சில இடங்களில் சுருக்கம் விழுகிறது. உடனே துரோகம் என்று கூச்சல். மணியத்தை நான் குறை சொல்லவில்லை. வாரா வாரம் ஓர் அத்தியாயத்துக்குள் புகுந்து நின்று உருவம் கொடுத்த கலைஞர் அவர். அவர் தன் வாசிப்பை வரைந்தார். நாம் அவருடைய வாசிப்பை நம்முடையது என்று எடுத்துக்கொண்டு, நமக்கென்று ஒன்று வேண்டியதில்லை என்று இருந்துவிட்டோம்.

நாவல் என்ன சொல்கிறது? அதில் முகத்தை நம்பியவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள். சுந்தர சோழர் தன் இளமையில் ஈழத்துத் தீவில் கண்ட ஊமைப் பெண் மந்தாகினி இறந்துவிட்டாள் என்று நம்பியிருக்கிறார். அதே முகத்தோடு நந்தினி நடுநிசியில் வந்து நிற்கும்போது ஆவி என்று நடுங்குகிறார். ஒரு முகம் இரண்டு பெண்களிடம் இருப்பதால் ஒரு ராஜ்யம் ஆட்டம் காண்கிறது. இன்னொரு பக்கம், இளவரசன் என்று அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் இளவரசன் இல்லை. தஞ்சையில் கோயிலுக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும் சேந்தன் அமுதன்தான் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை. வாய் பேசாத ஒருத்தி வளர்த்த பிள்ளை. அவன் முகத்தில் ராஜகளை இருப்பதாக ஐந்து பாகங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அருள்மொழி தன் தலைக்கு வந்த முடியைக் கடைசியில் இவன் தலையில் வைக்கிறான்.

கல்கியிடம் குறைகள் உண்டு. அவருடைய பாத்திரங்கள் கடைசிப் பக்கத்திலும் முதல் பக்கத்தில் இருந்தபடியே இருக்கிறார்கள். அனுபவம் அவர்களை மாற்றுவதில்லை. வர்ணனைகளில் பெரும்பாலானவை கைபட்டுத் தேய்ந்தவை. ஆனாலும் அந்தத் தொடர்கதைக்குள் ஒரு விஷயம் உயிரோடு இருக்கிறது. பிறப்பும் தோற்றமும் ஒருவனை அரசனாக்குமா என்ற கேள்வி அது. பூக்காரனை அரியணையில் உட்காரவைத்துவிட்டு அதைக் கேட்கிறார். தொடர்கதைக்குரிய திடுக்கிடும் திருப்பம் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன்.

படத்தில் இது இல்லை. சேந்தன் அமுதன் பூக்காரனாகவே நின்றுவிட்டான். அரண்மனை மதுராந்தகனே முடி சூடினான். வந்தியத்தேவனுக்காக மனம் பேதலித்துப்போன மணிமேகலை என்ற பெண் படத்தில் பிறக்கவே இல்லை. இரண்டாம் பாகம் வந்தபின் சிலர் இதைக் கேட்டார்கள், உண்மை. ஆனால் எவ்வளவு நாள் கேட்டார்கள்? ஐஸ்வர்யா ராய்க்கு வயது அதிகம், ஜெயம் ரவிக்கு அருள்மொழியின் சாந்தம் வராது, கார்த்திக்குக் குறும்பு வரும் ஆனால் வீரம் வருமா என்று வருஷக்கணக்கில் நடந்த வழக்கின் முன்னால் இது ஒரு வாரச் சலசலப்பு. ஆதித்த கரிகாலனின் நெற்றிக்குறி என்னவாக இருக்கவேண்டும் என்று 2022இல் எழுந்த சண்டையின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட மணிமேகலைக்குக் கிடைக்கவில்லை. நாவலின் மையத்தை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, கொண்டை மட்டும் சரியாக இருக்கட்டும் என்பதுதான் நம் விசுவாசம்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அதே 2022 செப்டம்பரில் டோல்கீனின் உலகத்தை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் ஒரு கறுப்பு நடிகர் வனதேவர் இனத்தவனாக வந்ததற்கு மேற்கில் பெரிய ரகளை. அருவருப்பான ரகளைதான். ஆனால் அதற்குப் பதில் சொன்னவர்கள், கற்பனை உலகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையாவது எழுப்பினார்கள். நம் ரகளை கழுத்தின் நீளத்தோடு நின்றுவிட்டது.

காட்பாடியில் அரக்கோணம் பாசஞ்சர் ஏறினால் சற்று நேரத்தில் திருவலம். பழைய திருவல்லம், வாணர்களின் ஊர். கல்கி வந்தியத்தேவனை வாணர் குலத்தவனாக்கியது இந்த ஊரை வைத்துத்தான். பொன்னையாற்றோடு வடக்கே போனால் மேல்பாடி. ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் அங்கே நிற்கிறது. இரண்டு ஊர்க் கல்வெட்டுகளும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோயில், தானம், நிலம், விளக்குக்கு ஆடு, பெயர், உறவு, ஆட்சியாண்டு எல்லாம் அவற்றில் உண்டு. முகம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் வந்தியத்தேவன் என்பவன் குந்தவையின் கணவன் என்ற அளவில் ஒரு பெயர்தான். வீரனா, குறும்புக்காரனா, கறுப்பா, சிவப்பா ஒன்றும் கிடையாது.

கல்கிக்குக் கிடைத்தது இந்த வெற்றிடம்தான். பெயரும் உறவும் கொண்ட ஒரு வரியை எதிரில் வைத்துக்கொண்டு, வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபனைக் குதிரையில் வரவைத்தார். சிருஷ்டி என்பது இதுதான், தரம் எதுவானாலும். வாசகனுக்கும் இதே வேலை இருக்கிறது. எழுத்து விட்டுவைக்கும் இடத்தைத் தன் அனுபவத்தால் நிரப்புவது அவன் பங்கு. அவன் அதைச் செய்திருந்தால், கார்த்தியைப் பார்த்து, 'இது அவருடைய வந்தியத்தேவன், என்னுடையவன் வேறு' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆவேசம் வந்திருக்காது. தனக்கென்று ஒன்று இல்லாதவனுக்குத்தான் அடுத்தவன் காட்டுவது சரியாக இருந்தே தீரவேண்டும் என்ற பதற்றம் வருகிறது.

இதற்கு நம் சின்ன வட்டத்தில் கிடைக்கும் பதில் எனக்குத் தெரியும். ஜனரஞ்சக எழுத்தின் வாசகர்கள் ஜனரஞ்சக சினிமாவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், நமக்கென்ன? மணிக்கொடி காலத்திலிருந்தே கல்கியோடு நமக்கு வழக்கு, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. இந்த மெத்தனத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'மோகமுள்' 1995இல் படமாக வந்தபோது என்னிடம் 'இவள் யமுனா இல்லை' என்று சொன்னவர்கள் வார இதழ் வாசகர்கள் அல்லர். இந்தப் பத்திரிகை போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். எந்த வகையில் இல்லை என்று கேட்டேன். கண்கள், உயரம் என்றார்கள். ஜானகிராமன் வாக்கியத்தில் எதை வைத்து யமுனாவை நிற்கவைக்கிறார், அது படத்தில் எங்கே விடுபட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. திண்ணைக்காரரின் கழுத்துக்கும் நம்மவர்களின் கண்களுக்கும் என்ன வித்தியாசம்? வியாதி ஒன்றுதான், நமக்கு வார்த்தைகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஐந்து பாக நாவல் ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற பெருங்கூட்டம் தமிழில் இது ஒன்றுதான். அந்தக் கூட்டத்திடம் போய், நீ எதைப் படித்தாய் என்று கேட்க ஒரு விமர்சகன் தேவைப்பட்டான். நாம் தரம் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். வெளியே இருந்தவனிடம் சுவரொட்டிக்காரன் பேசினான். இன்று படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் திறக்கிற பையனுக்கு முதல் வரியிலேயே கார்த்தி ஏறி உட்கார்ந்துவிடுகிறார். அவனுக்கு மணியத்தின் கட்டைகூட இல்லை. அவனுக்கு நாம் சொல்லப்போவது என்ன?

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. யாரும் அச்சடிக்கலாம், யாரும் படம் எடுக்கலாம். இன்னொரு அறிவிப்பு வரும், இன்னொரு பட்டியல் வரும், தாமதமும் வரும். அந்தத் தாமதத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சித்திரம் இல்லாத மலிவுப் பதிப்பு ஒன்றை வாங்கி, சேந்தன் அமுதன் வரும் பக்கங்களை மட்டும் வரிசையாக வாசித்துப் பார்க்கலாம். அவனுக்கு யார் பொருத்தம் என்று இந்த அறுபத்து நான்கு வருஷத்தில் என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.