மாடிப்படிக்குக் கீழே ஒரு சொத்து

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பழைய பேப்பர் கட்டு, உடைந்த பக்கெட் இவற்றுக்கு நடுவே ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். பையன் பைக்குக்கு மாறிய அன்று நிறுத்தியது. டயரில் காற்றில்லை. ஸீட்டுக்கு அடியில் பல்லி குடித்தனம்.

பி.காம். படித்தவன் கணக்கில் இதன் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால் அப்படித்தான் வரும். காயலான் கடைக்காரர் இன்னும் கறார். பெல் அடித்துக் காட்டினாலும் எடைக்குத்தான் எடுப்பார்.

இதே வண்டியைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டு போங்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற ஆள். ஊர் ஒடிஸாவோ, பீகாரோ. ரூமிலிருந்து கம்பெனி 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடந்தால் 50 நிமிஷம், சைக்கிளில் 20. போக வர ஒரு மணி நேரம் மிச்சம். மாசம் 26 நாள் வேலைக்கு 26 மணி நேரம். மூன்று ஷிஃப்டுக்கும் மேலே சார்! தூங்கலாம், ஊருக்கு போன் பேசலாம், சும்மாவும் இருக்கலாம்.

ஆக, விலை வேறு, மதிப்பு வேறு. 2020 லாக்டவுனில் பஞ்சாப், ஹரியானா பக்கமிருந்து ஊருக்கு சைக்கிள் மிதித்த தொழிலாளர்களை உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரில் நிறுத்தி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். சைக்கிள்கள் அங்கேயே தங்கின. பலர் பிறகு வந்து எடுத்துப் போனார்கள். மிஞ்சிய சுமார் 5,400 சைக்கிள்கள் 2022-ல் மொத்தமாக ஏலம் போயின. கிடைத்தது 21 லட்சம் சொச்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 400 ரூபாய்கூடத் தேறவில்லை. வண்டியை மீட்க வந்து போகும் செலவும், இழக்கிற கூலியும் அதைவிட அதிகம். ஊர் போய்ச் சேர ஒருத்தன் நம்பி ஏறிய வண்டிக்கு அவ்வளவுதான் விலை.

இலங்கையில் வேறு கதை. 2004 சுனாமிக்குப் பிறகு, சிகாகோவைச் சேர்ந்த எஃப்.கே. டேயும் அவர் மனைவி லியாவும் 2005-ல் வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 24,000-க்கும் மேல் சைக்கிள் கொடுத்தார்கள். அடுத்து ஆப்பிரிக்கா போனபோது, சைக்கிளோடு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அதுதான் சூட்சுமம்.

அவை புது வண்டிகள். பழசை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 'ரீ-சைக்கிள்' என்றே பெயர் வைத்துக்கொண்ட ஓர் அமைப்பு, பழைய சைக்கிள்களைச் சேர்த்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறது. அமெரிக்காவில் பல சர்ச்சுகளில், நன்கொடையாக வந்த சைக்கிள்களை வாலண்டியர்களே ரிப்பேர் செய்து, இல்லாதவர்களுக்குத் தருகிறார்கள்.

நமக்கு இது பிரம்ம வித்தை இல்லை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்ததே, நெடுங்காலம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரில்தான். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள் வேறு வீட்டுக்கு வீடு. சரக்குக்குப் பஞ்சமில்லை. சர்ச்சோ, கோயிலோ, மசூதியோ, ஆபீஸ் மனமகிழ் மன்றமோ, நிழலான ஓர் இடம், நாலு ஸ்பானர், ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம். கூடவே, கூலி கொடுத்து, தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஒருவர். அவர்தான் வாத்தியார்.

ஒரே ஒரு கண்டிஷன். அப்படியே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிடாதீர்கள். சும்மா நிற்கிற சைக்கிளில் டயர் வெடிப்பு விடும், செயின் துருவேறும், பிரேக் கட்டை கல்லாகிவிடும். அதை ஓவராயில் பண்ண ஆகும் செலவு வாங்குகிறவர் தலையில் விழும். அது தானமில்லை, நம் வீட்டில் இடம் காலி பண்ணுவது. தேறாத வண்டியைக் கழற்றிப் பாகங்களை எடுங்கள். இரண்டு ஓட்டை சைக்கிளிலிருந்து ஒரு நல்ல சைக்கிள் கிடைக்கும்.

வீல் கோட்டம் எடுத்து, ஹப்பில் கிரீஸ் வைத்து, பிரேக்கை அழுத்திப் பாருங்கள். முன்னால் லைட், பின்னால் ரிஃப்ளெக்டர் கட்டாயம். நைட் ஷிஃப்ட் முடிந்து கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரமாகப் போகிற மனுஷன் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், ஒரு பூட்டும் சாவியும். ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக் கிடக்கிறவருக்குச் சொந்தமென்று ஒன்று வரப்போகிறது. அதைப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.