சேர்த்தால் மட்டும் போதுமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் பட்டியலை 21 ஆக்கி அதையும் சேர்த்தது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு இடமும் வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் கிடைத்தன. கதவு திறந்தாயிற்று. உள்ளே வந்த மாணவர் படிப்பை முடிக்க என்ன ஏற்பாடு என்று கேட்டால்தான் பல கல்லூரிகள் கையைப் பிசைகின்றன. தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோமே என்பார்கள்.

அதுவும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்கு உரிய ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆட்டிசம் உள்ளவருக்குத் தேர்வறையைவிட அன்றாடம்தான் கடினம். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பறை மாறும். விடுதி மெஸ்ஸின் இரைச்சல் தாங்காது. சீனியர் கேலியாகச் சொன்னதை அப்படியே நம்பி மாட்டிக்கொள்வார். வைவாவில் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால் பாடம் தெரியாதவர் என்றோ திமிர் பிடித்தவர் என்றோ பெயர் வரும். பள்ளியில் அம்மாவோ சிறப்பு ஆசிரியரோ பக்கத்தில் இருந்தார்கள். கல்லூரியில் அந்தத் துணை ஒரே நாளில் விலகிவிடுகிறது.

இதற்குக் கோடிகள் வேண்டாம். அட்டவணை மாறினால் முந்தைய நாளே எழுத்தில் தகவல், நூலகத்தில் ஓர் அமைதி அறை, வைவா கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர அனுமதி, பிரச்சினை என்றால் தேடிப்போக ஒரு பேராசிரியர். பட்டத்தின் தரம் குறையும் என்பது வீண் பயம். வேதியியல் வைவாவில் சோதிக்க வேண்டியது வேதியியலைத்தானே?

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் 1989இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மேடைதோறும் அவரை உதாரணம் காட்டுகிறோம். அவரைப் போல ஆகாத, சுமாராகப் படிக்கும் மாணவருக்கும் இதே உரிமை உண்டு.

தேவைக்கேற்ற வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டம். அந்த வசதிக்கு 40 விழுக்காட்டுச் சான்று கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆக, இது கல்லூரி முதல்வரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக்கூடிய காரியமல்ல. என்னென்ன வசதி உண்டு, பொறுப்பாளர் யார் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைக் கையேட்டிலேயே வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பங்கள் வெளியாகும் முன்பே அந்த ஆணை வரட்டும்.