வீடியோவை அனுப்பு, வழியை அனுப்பாதே!

டூர் போனால் வீடியோ எடுக்கத்தான் செய்வோம். எடுத்தால் நண்பர்களுக்குக் காட்டத்தான் செய்வோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் "யாருக்கும் தெரியாத கொடைக்கானல்" என்று தலைப்பு போட்டு, கீழேயே மேப் லொக்கேஷனும் சேர்த்து அனுப்புகிறீர்களே... யாருக்கும் தெரியாத இடம் என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே சாமி! (பூம்பாறையும் மன்னவனூரும் அங்கே குடியிருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பது வேறு விஷயம்.)

"நாலு பேருக்குத்தானே மச்சி அனுப்பினேன்" என்பீர்கள். அந்த நாலு பேருக்கும் ஆளுக்கு நாலு குரூப் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்.

குணா குகையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெவில்ஸ் கிச்சன் என்று பெயர். 1991-ல் கமல் படம் வந்ததும் பெயரே மாறிப்போனது. 2006-ல் கேரளாவின் மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்குள்ள பள்ளத்தில் விழ, கூட வந்த நண்பரே இறங்கி மீட்டார். 2024 பிப்ரவரியில் அது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படமாக வந்தது. ஒருத்தர் செத்துப் பிழைத்த கதையைப் பார்த்துவிட்டு நம்மாட்கள் என்ன செய்தார்கள்? கூட்டம் கூட்டமாக அங்கேயே போய் செல்ஃபி எடுத்தார்கள். தடையை மீறி உள்ளே இறங்கி வனத்துறையிடம் மாட்டியவர்களும் உண்டு. ஆபத்தை இரண்டு மணி நேரம் காட்டிய படத்துக்கே இந்தக் கதி. உங்கள் முப்பது செகண்ட் வீடியோவில் ஆபத்து எங்கே தெரிகிறது? பனியும் பின்னணியில் ஒரு பாட்டும்தான்!

நான் பி.காம். ஆசாமி, கணக்கு கேட்காமல் விடமாட்டேன். லைக்கெல்லாம் உங்களுக்கு வரவு. செலவு யார் தலையில்? "ஊர்க்காரங்களுக்கு வருமானம் வருதே" என்று ஒரு பதில் ரெடியாக இருக்கும். கடை வைத்தவருக்கும் ரூம் விடுபவருக்கும் வருகிறது, மறுக்கவில்லை. பூண்டு விவசாயிக்கு? 2018-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டையும் அதே ஒற்றை மலைப்பாதையில், நம்ம கார் வரிசைக்குப் பின்னால்தான் நின்றாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வா என்றது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று எண்ணியே விட்டார்கள். சினிமா தியேட்டர் மாதிரி மலைக்கும் ஹவுஸ்ஃபுல் போர்டு.

கொடைக்கானலைப் பற்றி ஊரெல்லாம் பரவ வேண்டிய வீடியோ ஒன்று பரவத்தான் செய்தது. 2015-ல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே விட்டுப்போன பாதரசத்துக்கும் தொழிலாளர்களின் உடம்புக்கும் என்ன பதில் என்று நேராகவே கேட்டது அது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. 15 வருஷப் போராட்டம் அவர்களுடையது, வீடியோ அதை உலகத்தின் காதில் போட்டது. இப்படி ஒன்றை அனுப்புங்கள், ஆயிரம் குரூப்புக்கு நானே ஃபார்வர்ட் பண்ணுகிறேன்.

அருவி வீடியோவா? தாராளமாக அனுப்புங்கள், லொக்கேஷனை மட்டும் வெட்டிவிடுங்கள். நிஜமாகவே போக நினைக்கிற நண்பன் போன் பண்ணிக் கேட்பான். அவனுக்கு வழியைச் சொல்லுங்கள், எந்தப் பாறையில் வழுக்கும் என்பதையும் சேர்த்து.